“அவர்களுக்கு நீச்சலில் ஆர்வம் இல்லை”: ஊர்க் கூட்டத்தில் என்ன பதில் சொல்வது?

வேப்பங்குச்சி (கேள்வி)

வணக்கம். வட கரோலினாவில், ராலேக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். எங்கள் ஊர் பூங்கா, விளையாட்டுத் துறையின் ஆலோசனைக் குழுவில் ஓர் இடம் காலி, யாரும் விண்ணப்பிக்கலாம் என்று போன வருடம் தண்ணீர் பில்லோடு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. மகனை பேஸ்பால் பயிற்சிக்கு விட்டுவிட்டு காரில் சும்மா உட்கார்ந்திருந்தபோது விண்ணப்பம் போட்டேன். கிடைத்துவிட்டது. சம்பளம் கிடையாது. மாதம் ஒரு கூட்டம், ஆளுக்கு ஒரு குக்கி.

இப்போது அடுத்த ஐந்து வருடத் திட்டத்துக்காக ஒரு சர்வே நடக்கிறது. ரெக் சென்டரில் (ஊரின் பொது விளையாட்டு நிலையம்) எந்த வகுப்புகள் வேண்டும், எதற்குப் பணம் ஒதுக்கலாம் என்பது கேள்வி. இணையத்தில் வந்த பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி தெருக்களிலிருந்து வந்திருந்தன. அதனால் காகிதப் படிவம் அடித்து எங்கள் கையில் கொடுத்தார்கள். “உங்கள் ஆட்களிடம் நீங்கள் வாங்கி வாருங்கள்” என்றார்கள். நான் ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்குப் போனேன். அப்புறம் நானாகவே ஒரு கறுப்பினத்தவர் சர்ச்சுக்கும், நெடுஞ்சாலை ஓரத்துத் துணி துவைக்கும் கடைக்கும் போனேன். அந்தக் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசுபவர்கள்.

நம் ஆட்களின் பதிலைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். கிரிக்கெட் பிட்ச், உள்ளரங்க பேட்மிண்டன், கோடை விடுமுறைக்குக் கணக்கு வகுப்பு. (விளையாட்டுத் துறையிடம் போய்க் கணக்கு வகுப்பு கேட்கிற ஒரே இனம் நாமாகத்தான் இருப்போம்.) மலையேற்றப் பாதை என்ற கட்டத்தை ஒருவரும் தொடவில்லை. நீச்சலில் பிள்ளைக்கு ‘ஆம்’. ‘உங்களுக்கு?’ என்ற இடத்தைப் பெண்கள் எல்லாரும் காலியாக விட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால், “என்னத்தைப் போட்டுக்கிட்டு இறங்குறது?” என்று சிரிப்பு.

துணி துவைக்கும் கடையில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: கூரை போட்ட பெரிய பிக்னிக் இடம். முப்பது பேர் உட்கார்ந்து சுட்டுச் சாப்பிட வேண்டும், பக்கத்திலேயே பிள்ளைகள் பந்து உதைக்க வேண்டும்.

சர்ச்சில்தான் நான் தடுமாறினேன். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய அகலத் தொப்பி, மடியில் பேத்தி. படிவத்தை முழுதும் படித்தார். கூடைப்பந்து, முதியோர் நடனம், தையல் எல்லாவற்றிலும் குறி போட்டார். நீச்சலுக்கு வந்ததும் பேனா நின்றது. “நேற்று ராத்திரி நான்கு மணி நேரம் உட்கார்ந்து இவளுக்குத் தலை பின்னினேன்” என்றார். எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. படிவத்தை நாலாக மடித்து என் கையில் வைத்து, “அந்தக் குளம் யாருக்காகக் கட்டினது என்று போய்க் கேள் மகளே” என்றார்.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். பல வருடமாகக் குழுவில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், கெட்டவர் இல்லை, என் மகனுக்கே பேட் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர், சாதாரணமாகச் சொன்னார்: “அந்தச் சமூகத்துக்கு நீச்சலில் ஆர்வம் இல்லை. ஆர்வம் இல்லாத இடத்தில் ஏன் இலவச வகுப்பு நடத்திப் பணத்தைப் போட வேண்டும்?” எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு எங்கோ தப்பாகப் பட்டது. ஆனால் என் கையில் இருந்ததும் அதே படிவங்கள்தானே? நீச்சல் கட்டம் காலிதானே?

இனத்துக்கு இனம் விருப்பம் மாறுவது உண்மையா, இல்லை அது வேறு எதையோ மூடி வைக்கிற பேச்சா? அடுத்த கூட்டம் மூன்று வாரத்தில். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பேட்ஸ்மேன்

நான் மோரிஸ்வில், உங்கள் பக்கத்து ஊர்தான். ‘ஆர்வம் இல்லை’ என்று ஒரு காலத்தில் நம்மைப் பற்றியும்தான் சொன்னார்கள். சனிக்கிழமை விடிகாலையில் பேஸ்பால் மைதானத்து ஓரத்தில் டென்னிஸ் பந்துக்கு டேப் சுற்றிக்கொண்டு ஆடுவோம். எட்டு மணிக்கு அனுமதிச் சீட்டோடு சிறுவர் பேஸ்பாலான லிட்டில் லீக் அணி ஒன்று வரும், நாங்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு கிளம்புவோம். எந்தக் கணக்கிலும் நாங்கள் இல்லை. அப்புறம் சர்ச் ஸ்ட்ரீட் பார்க்கில் முறையான கிரிக்கெட் மைதானம் வந்தது. 2023-இல் அமெரிக்காவின் தொழில்முறை டி20 தொடரான மேஜர் லீக் கிரிக்கெட் ஆட்டங்களே அங்கே நடந்தன. பக்கத்தில் நின்று பார்த்த எவரும் இந்த ஊரில் கிரிக்கெட்டுக்கு ஆள் இல்லை என்று இனிமேல் சொல்ல மாட்டார்.

ஆனால் ஒன்று. எல்லாவற்றையும் இன அநீதிக் கணக்கில் எழுத வேண்டாம். நாம் மலையேறப் போகாததற்கு எந்தச் சட்டமும் காரணம் இல்லை. வாரம் முழுக்க வேலை, ஞாயிறு பிரியாணி, தூக்கம். பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவர்களுக்கும் நீச்சல் அப்படி இருக்கலாம் இல்லையா?

குளத்துமீன்

சிகாகோவில் சனி, ஞாயிறு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறேன். வாரநாள் வேலை வேறு, அது இங்கே வேண்டாம். என் வகுப்பில் முக்கால்வாசி கறுப்பினப் பிள்ளைகள். பேட்ஸ்மேன் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தலைமுடி. சுருள்முடிக்கு நாலு மணி நேரம் பின்னல் போட்டு, எண்ணெய் வைத்து, இரண்டு மூன்று வாரம் நிற்கும் என்று அனுப்பினால், குளோரின் தண்ணீர் அரை மணி நேரத்தில் காய வைத்துவிடும். சாதாரண நீச்சல் தொப்பிக்குள் அந்தப் பின்னல் நுழையாது. அதற்கென்றே பெரிதாகச் செய்த ‘சோல் கேப்’ என்ற தொப்பியை 2021 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் உலக நீச்சல் கூட்டமைப்பு அனுமதிக்க மறுத்தது. தலையின் இயல்பான வடிவத்தோடு ஒட்டவில்லையாம். கூச்சல் எழுந்த பிறகு 2022-இல் அனுமதித்தார்கள். ஆக, அந்தப் பாட்டி உங்களிடம் விருப்பத்தைச் சொல்லவில்லை, செலவைச் சொன்னார். நாலு மணி நேரம் உழைப்பு.

இரண்டாவது, “யாருக்காகக் கட்டினது”. அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் இது அவருக்குச் சரித்திரப் பாடம் இல்லை, சின்ன வயது ஞாபகம். அலபாமாவின் மான்ட்காமரியில், பூங்காக்களை எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்று வழக்கு வந்ததும், 1959 ஜனவரி 1 முதல் நகரம் மொத்தப் பூங்காக்களையும் மூடிவிட்டது. வெள்ளையருக்கும் சேர்த்து! 1965-இல் திறந்தபோதும் நீச்சல் குளம் திரும்பி வரவில்லை. மிசிசிப்பியின் ஜாக்சனும் இனங்களைச் சேர்த்து நீந்த விடுவதற்குப் பதில் குளங்களையே மூடியது. அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1971-இல் ‘பாமர் எதிர் தாம்ப்சன்’ வழக்கில், மூடினால் இரண்டு இனத்துக்கும்தானே மூடுகிறீர்கள், அதனால் தப்பில்லை என்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. தன் வீட்டுக் கூரையைக் கொளுத்திப் பக்கத்து வீட்டுக்காரனைக் குளிரில் நடுங்க வைப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தண்ணீரைத் தொட்டால் தீட்டு என்கிற கதை நமக்கு ஒன்றும் புதிதில்லை.

என் ஊருக்கு வருகிறேன். ஏரிக்கரையில் நான் ஓடுகிற பாதையில், 29ஆம் தெருப் பக்கம் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. 1919 ஜூலை 27. யூஜின் வில்லியம்ஸ், வயது 17. மரத் தெப்பத்தில் மிதந்துகொண்டே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைத் தாண்டி வெள்ளையர் பக்கத்துத் தண்ணீருக்குப் போய்விட்டான். கரையிலிருந்து ஒருவன் கல்லெறிந்தான். பையன் மூழ்கிச் செத்தான். கைது செய்ய அங்கே நின்ற போலீஸ்காரர் மறுத்தார். அதிலிருந்து மூண்ட கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள். இந்தக் கதை தெரிந்த குடும்பத்தில், பிள்ளையைத் தண்ணீருக்கு அனுப்பக் கை நடுங்கினால் அதற்கு ‘ஆர்வம் இல்லை’ என்றா பெயர்?

நடுக்கம் அப்படியே பிள்ளைக்கு இறங்கும். என் வகுப்பில் ஒரு சிறுமி, ஏழு வயது. மூன்று வாரம் குளத்தின் விளிம்பை விட்டுக் கையை எடுக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை, மேலே மாடத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். நாலாவது வாரம் அம்மாவைப் பெரியவர்கள் வகுப்பில் சேரச் சொன்னேன். சேர்ந்தார். மகள் அதற்கு அடுத்த வாரமே விளிம்பை விட்டாள். இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பெற்றோருக்கு நீச்சல் தெரியாத வீட்டில் பிள்ளை கற்றுக்கொள்ளும் வாய்ப்பு 19 சதவீதம்தான் என்று அமெரிக்க நீச்சல் அமைப்பு பல வருடமாகச் சொல்கிறது. அவர்களே 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நீச்சல் தெரியாத அல்லது அரைகுறையாகத் தெரிந்த பிள்ளைகள் கறுப்பினத்தில் 64 சதவீதம், ஹிஸ்பானியரில் 45, வெள்ளையரில் 40. உங்கள் பெரியவருக்கு இன்னும் ஓர் எண்ணையும் சொல்லுங்கள். 10 முதல் 14 வயது வரையுள்ள கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் விகிதம் வெள்ளையினப் பிள்ளைகளைவிட 7.6 மடங்கு. இது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் கணக்கு. ஆகவே அந்தக் கட்டம் காலியாக இருக்கிற இடத்தில்தான் வகுப்பு அதிகம் தேவைப்படுகிறது.

பேட்ஸ்மேனுக்கு: உங்கள் சந்தேகத்தை 1978-லேயே ராண்டல் வாஷ்பர்ன் என்ற ஆய்வாளர் நேராகக் கேட்டிருக்கிறார். காடு, மலைப் பூங்காக்களுக்குக் கறுப்பினத்தவர் குறைவாக வருவதற்குப் பணம், வண்டி வசதி, ஒதுக்கல் இவை காரணமா, இல்லை அந்தச் சமூகத்துக்கென்று உள்ள பழக்கமும் மதிப்பும் காரணமா என்று. இன்று வரை அந்தச் சண்டை ஓயவில்லை. இரண்டும் கலந்துதான் இருக்கும் என்பது என் எண்ணம். எங்கள் லிங்கன் பார்க்கைப் பற்றி பால் கோப்ஸ்டர் 2002-இல் எழுதியதில், வெள்ளையர் அதிகமாக ஓடவும் சைக்கிள் விடவும் வருகிறார்கள், மற்ற இனத்தார் தூரத்திலிருந்து, பெரிய குடும்பமாக வந்து உட்கார்ந்து பேசிச் சாப்பிடுகிறார்கள் என்று வந்தது. துணி துவைக்கும் கடையில் உங்களுக்குக் கிடைத்த பதில் அப்படியே அதுதான். அது உண்மையான விருப்பம், அதற்குக் கூரை போட்டுக் கொடுங்கள். நீச்சல் கட்டம் வேறு சங்கதி. இரண்டையும் ஒரே சர்வேயில் ஒரே மாதிரி ‘விருப்பமா?’ என்று கேட்டதுதான் கோளாறு.

ஸ்காபரோ அன்ரி

நான் ரொறன்ரோ. ‘என்னத்தைப் போட்டுக்கொண்டு இறங்குவது’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன், எங்கள் கதையும் அதுதான். ஆனால் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குத் தண்ணீர் பிடிக்காது என்று ஆரும் சொன்னால் நம்ப வேண்டாம். சின்ன வயதில் கீரிமலைக் கேணியில் பாவாடையை நெஞ்சுவரை கட்டிக்கொண்டு விழுந்து கிடந்தவர்கள் நாங்கள். அங்கே பெண்களுக்குத் தனிக் கேணி, சுற்றிவர மதில். 83க்குப் பிறகு இங்கே வந்து, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் கோப்பி குடிக்கிற இடத்தில் நீந்து என்றால் எப்படி?

ரீஜன்ட் பார்க்கில் 2012-இல் திறந்த நீச்சல் நிலையத்தில் பெண்களுக்கு மட்டும் என்று தனி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் திரைச்சீலையை இறக்கிவிடுவார்கள். நான் சோமாலியப் பெண்களோடும் வங்காளப் பெண்களோடும் அங்கேதான் திரும்ப நீந்தினேன், ஐம்பத்திரண்டு வயதில். திரை இறக்க என்ன பெரிய செலவு? உங்கள் ஊர்க் குளத்துக்குக் கண்ணாடி இருக்கோ, முதலில் அதைப் பாருங்கள் தங்கச்சி.

இன்னொரு விஷயம், வகுப்புக்குப் பதிகிற முறை. இங்கே பதிவு காலை 7 மணிக்குத் தொடங்கும், நல்ல வகுப்புகள் சில நிமிடத்தில் நிரம்பிவிடும். கணினிக்கு முன்னால் குந்தியிருந்து, முதல் நாளே எல்லா வகுப்பு இலக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறவருக்குத்தான் இடம். என்ரை மனுசன் அந்த நேரம் பேக்கரியில் இரவு வேலை முடித்து பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார். கட்டணச் சலுகை எல்லாம் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரிய நாலு வருடம் போனது. எங்கள் பெயர் பட்டியலில் இல்லாததைப் பார்த்து, தமிழருக்கு ஆர்வம் இல்லை என்று ஆரோ எங்கேயோ எழுதியிருப்பினம்.

பழைய பேட்ஸ்மேன்

குளத்துமீன், ஒப்புக்கொள்கிறேன். மலையேற்றத்தில் மட்டும் விடமாட்டேன், அது நிஜமாகவே எனக்குப் பிடிக்கவில்லை.

வேப்பங்குச்சி

எல்லாருக்கும் நன்றி. கூட்டம் முடிந்துவிட்டது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு ராலேயில் இரண்டு பூங்காவுக்குப் போனேன். ஒன்று புல்லன் பார்க், எத்தனையோ தடவை போன இடம். பழைய குடைராட்டினம், குட்டி ரயில். இன்னொன்று அங்கிருந்து பத்து நிமிடம், சேவிஸ் பார்க். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை. அங்கேயும் ஒரு குடைராட்டினம், 1937-இல் செய்தது! “ஒரே ஊர்ல எதுக்கும்மா ரெண்டு?” என்றான். புல்லனுக்குள் கறுப்பினத்தவரை விடாத காலத்தில் அவர்களுக்கென்று தனியாகக் கட்டியது சேவிஸ். பெரிய நீச்சல் குளமும் இருந்தது, வெளியூர்களிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள். 1962-இல் சில கறுப்பின இளைஞர்கள் புல்லன் குளத்தில் இறங்கியதும் நகராட்சி குளத்தை மூடிவிட்டது. நம் ஆட்கள் பிறந்தநாள் கொண்டாடுவதெல்லாம் புல்லனில்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே நான் எந்தப் பூங்காவுக்குப் போகப் பழகியிருக்கிறேன் என்று நினைத்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கூட்டத்தில் குளத்துமீன் கொடுத்த 7.6ஐ மட்டும் சொன்னேன். சரித்திரம் பேசவில்லை. பேசியிருந்தால் அந்தப் பெரியவர் தன்னைக் குற்றம் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டிருப்பார். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவராகவே, “நான் பையனாக இருந்தபோது எங்கள் ஊர்க் குளத்தில் மண்ணைக் கொட்டி மூடினார்கள். பைப் ஓட்டை என்று எங்களிடம் சொன்னார்கள்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

முடிவு பாதிப் பாதிதான். இலவச வகுப்பு இந்த வருடம் இல்லை, கட்டணத்தில் பாதி குறைப்பார்கள். நீச்சல் வகுப்பு எல்லாம் சனி காலையிலேயே இருந்ததால், ஞாயிறு மூன்று மணிக்கு, சர்ச் முடிந்து சாப்பிட்ட பிறகு ஒன்று சேர்த்திருக்கிறார்கள். தாயோ பாட்டியோ பிள்ளையோடு சேர்ந்து கற்கலாம். பெரிய தொப்பி ஒரு டஜன் வாங்கி கவுண்டரில் வைக்கச் சம்மதித்தார்கள். பெண்களுக்கான தனி நேரம் மறுபரிசீலனைக்கு என்று தள்ளிவிட்டார்கள். அன்ரி, எங்கள் குளத்தில் கண்ணாடி ஒரு பக்கம்தான், திரைக்கு அளவெடுத்து வந்திருக்கிறேன். பிக்னிக் கூரை உண்டு. கிரிக்கெட் பிட்ச் இல்லை, பேட்ஸ்மேன் மன்னிக்கவும்.

போன ஞாயிறு சர்ச் வாசலில் அந்தப் பாட்டியிடம் புதுப் படிவத்தைக் கொடுத்தேன். மூன்று மணி என்ற இடத்தைப் பார்த்தார். “தண்ணீர் சூடாக இருக்குமா?” என்று கேட்டார். இருக்கும் என்றேன். பேத்தி பெயரை எழுதினார். தன் பெயரை எழுதவில்லை. “நீ இறங்குவாயா?” என்றார்.

இறங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் இப்போது அவசரமாக ஓர் உதவி: முழங்கால் வரைக்கும் வருகிற, கையும் மூடுகிற நீச்சலுடை, தண்ணீரில் ஊதிப் பலூன் ஆகாத மாதிரி, யாராவது வாங்கியிருக்கிறீர்களா? அளவு எப்படிப் பார்ப்பது?